மோனேயின் ஜிவெர்னி வீடும் தோட்டமும்: வழிகாட்டியுடன் ஒரு நாள் பயணம் தகுமா?

இளவேனில் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம்.

வரும் மே மாத நடுவில் என் அம்மாவுடன் பாரிசில் சில நாள்கள் தங்கவிருக்கிறேன். ஓவியர் குளோத் மோனே வாழ்ந்த ஜிவெர்னி வீட்டையும் அதன் தோட்டங்களையும் நேரில் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. அல்லிக் குளத்தையும் அதன் மேலுள்ள பச்சைப் பாலத்தையும் நாள்காட்டிப் படங்களில் பார்த்துப் பார்த்து வளர்ந்த ஆசை அது. அவருக்கு ஓவியத்தைக் காட்டிலும் செடி கொடிகளில்தான் ஈடுபாடு அதிகம்.

பாரிசிலிருந்து பேருந்தில் அழைத்துச் சென்று வழிகாட்டியுடன் சுற்றிக் காட்டும் பயணங்கள் பல இருக்கின்றன. அரை நாளில் ஜிவெர்னியை மட்டும் காட்டித் திரும்புபவை சில. காலையில் ஜிவெர்னி, பிற்பகலில் வெர்சாய் அரண்மனை என்று ஒரே நாளில் இரண்டையும் முடிப்பவை சில. இரண்டாவது வகையில் செலவும் நாளும் மிச்சமாகும் என்பதால் அதன் பக்கம் மனம் சாய்கிறது. ஆனால் அம்மாவுக்கு மூட்டு வலி உண்டு. மெல்ல நடப்பார், படிகள் என்றால் சிரமப்படுவார். அவரை அவசரப்படுத்தி அழைத்துச் செல்ல எனக்கு மனமில்லை.

அங்கே போய் வந்தவர்களிடம் நான் கேட்க விரும்புவது இதுதான்: வழிகாட்டி இருந்தால்தான் அந்த இடம் விளங்குமா, அல்லது நாங்களே ரயிலில் சென்று நிதானமாகப் பார்ப்பது மேலானதா? மோனேயின் ஓவியங்களை அந்த வீட்டிலேயே பார்க்க முடியுமா? மே மாதத்தில் அல்லி பூத்திருக்குமா?

வண்ணக்கோல்

வணக்கம் இளவேனில். தாங்கள் இரண்டாவதாகக் கேட்டதற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்; ஏனெனில் அதை அறியாமல் செல்பவர்கள்தான் ஏமாற்றத்துடன் திரும்புகிறார்கள். ஜிவெர்னி வீட்டில் மோனேயின் மூல ஓவியம் ஒன்றுகூடக் கிடையாது. முதலில் ஓவியக் கூடமாகவும் பின்னாளில் வரவேற்பறையாகவும் இருந்த பெரிய அறையில் அவருடைய ஓவியங்கள் சுவர் நிறையத் தொங்குகின்றன என்றாலும், அவை அனைத்தும் அவர் காலத்தில் அந்த அறை இருந்த தோற்றத்தைக் காட்டுவதற்காகச் செய்து மாட்டப்பட்ட நகல்களே. மூலங்களைப் பார்க்கப் பாரிசிலுள்ள ஒராஞ்செரி, மர்மோத்தான், ஒர்சே ஆகிய அருங்காட்சியகங்களுக்குத்தான் செல்ல வேண்டும்.

அப்படியானால் வீட்டில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே அசலாகக் காணக் கிடைப்பவற்றில் முதன்மையானது, மோனே சேர்த்து வைத்த ஜப்பானிய மர அச்சோவியங்களின் தொகுப்பு. ஹொகுசாய், ஹிரோஷிகே, உத்தமாரோ ஆகியோரின் அச்சுகள் அறைக்கு அறை அவராலேயே தெரிந்தெடுக்கப்பட்டு மாட்டப்பட்டவை. உணவறையின் சுவர், அலமாரி, நாற்காலி எல்லாமே மஞ்சள். அந்த மஞ்சளின் மேல் அச்சோவியங்களின் நீலம் எப்படி எடுப்பாகத் தெரிகிறது என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அடுத்த கதவைத் தாண்டினால் நீல ஓடுகள் பதித்த சமையலறையும், வரிசையாகத் தொங்கும் செம்புப் பாத்திரங்களும் கண்ணில் படும். மஞ்சள் அறையில் உட்கார்ந்திருப்பவருக்குத் திறந்த கதவின் வழியே நீலம் தெரிய வேண்டும் என்று எண்ணியே செய்ததைப் போன்ற அமைப்பு அது. வண்ணங்களை அருகருகே வைப்பதில் அவர் திரைச்சீலையில் காட்டிய அக்கறைக்கும் வீட்டில் காட்டிய அக்கறைக்கும் வேறுபாடு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

வெர்சாயுடன் சேர்த்த பயணத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாரிசிலிருந்து ஜிவெர்னி ஏறக்குறைய 75 கிலோமீட்டர். போக ஒரு மணி நேரத்துக்கு மேல், அங்கிருந்து வெர்சாய்க்கு மறுபடியும் ஏறத்தாழ அதே அளவு, பின்பு பாரிசுக்குத் திரும்பும் மாலை நேர நெரிசல் என்று கணக்கிட்டால், நாளின் பெரும்பகுதி பேருந்து இருக்கையில்தான் கழியும். வெர்சாயோ தனியாக ஒரு நாளைக் கேட்கும் இடம். அதன் தரைக்கற்களிலும் நீண்ட கூடங்களிலும் நடப்பது மூட்டு வலி உள்ளவருக்கு எளிதன்று. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தவர்கள் இரண்டையும் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவே. தங்கள் தாயாரின் விருப்பம் தோட்டம் என்பதால், அந்த நாள் முழுவதையும் தோட்டத்துக்கே கொடுத்துவிடுங்கள்.

மண்வாசம்

தாயாருக்குச் செடிகளில்தான் ஈடுபாடு என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இந்தத் தோட்டம் ஏப்ரல் 1 முதல் நவம்பர் 1 வரை மட்டுமே திறந்திருக்கும். அந்த ஏழு மாதங்களில் எந்த வாரத்தில் செல்கிறோம் என்பதைப் பொறுத்து முற்றிலும் வேறொரு தோட்டத்தைப் பார்ப்போம். ஏப்ரலில் டியூலிப், மே மாதத்தில் ஐரிஸ், பியோனி, ஜூனில் ரோஜா, கோடை முடிந்து இலையுதிர் காலம் நெருங்குகையில் டாலியாவும் நாஸ்டர்ஷியமும். வீட்டு வாசலிலிருந்து நேராக இறங்கும் நடுப்பாதையின் மேல் இரும்பு வளைவுகளில் ரோஜாக் கொடி படர்ந்திருக்கும். செப்டம்பரில் அந்தப் பாதையின் இரு ஓரங்களிலிருந்தும் நாஸ்டர்ஷியம் தரையில் ஊர்ந்து வந்து நடுவில் ஒன்றையொன்று தொட்டுவிடும். அதற்குள் மனிதர் நடக்க இடமே இருக்காது. மோனேயும் அதை அப்படியே பரவ விட்டார்.

அல்லியைப் பற்றிக் கேட்டீர்கள். மே நடுவில் இலைகள் குளத்தில் விரிந்திருக்கும். பூக்களை அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ஜூனில் தொடங்கி ஜூலை, ஆகஸ்டில்தான் குளம் நிறையும். ஆனால் மே மாதத்தில் அதற்கு ஈடாக வேறொன்று கிடைக்கும்: பாலத்தின் மேல்வளைவில் படர்ந்திருக்கும் விஸ்டீரியா கொடி அந்த மாதத்தின் முதல் பாதியில்தான் சரஞ்சரமாகப் பூத்துத் தொங்கும். கடுங்குளிர் நீடித்த ஆண்டுகளில் சில நாள்கள் முன்பின் ஆகலாம். கொடி மோனே காலத்தில் நட்டது. பாலம் மட்டும் பழுதடைந்ததால் பின்னாளில் அதே வடிவில் புதிதாகச் செய்து வைக்கப்பட்டது.

நாட்பொழுதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நெரிசலைத் தவிர்க்க மாலை நான்கு மணிக்கு மேல் செல்லுமாறு பலரும் சொல்வார்கள். கூட்டத்தைப் பொறுத்தவரை அது நல்ல யோசனைதான். பயணக் குழுக்கள் அந்நேரத்துக்குள் பெரும்பாலும் கிளம்பிவிடும். ஆனால் குளிர்நாட்டு அல்லிகள் முற்பகலில் விரிந்து பிற்பகல் முடியும்போது கூம்பத் தொடங்கிவிடும். கோடையில் அல்லிக்காகவே செல்பவர் மாலையில் சென்றால் மூடிய மொட்டுகளைத்தான் பார்ப்பார். தாங்கள் மே மாதத்தில் விஸ்டீரியாவுக்காகச் செல்வதால் இந்தச் சிக்கல் தங்களுக்கு இல்லை. மாலையிலும் தயங்காமல் செல்லலாம்.

இன்னொன்று. நீர்த் தோட்டத்தில் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், குளத்தைச் சுற்றிச் செல்லும் பாதையை முழுவதும் நடந்து பாருங்கள். மூங்கில் புதர், நீரின் மேல் கிளை தாழ்ந்த வில்லோ மரங்கள், கரையோரம் ரோடோடென்ட்ரான் புதர்கள் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் குளம் வேறாகத் தெரியும். மோனே தீட்டியது பெரும்பாலும் பூக்களை அல்ல, நீரில் விழுந்த வானத்தையும் மரநிழலையும். அல்லி அங்கங்கே மிதந்து அந்த நிழலுக்கு ஒரு தளத்தைக் காட்டுகிறது. எனவே பூ குறைவாக இருக்கும் மே மாதத்திலும் அவர் பார்த்தது அங்கே இருக்கும். தாயார் சற்று உட்கார்ந்து பார்க்க இருக்கைகளும் உண்டு. காலையில் திறந்தவுடன் சென்றால், தோட்டக்காரர் படகில் சென்று வாடிய இலைகளையும் பாசியையும் அள்ளுவதைக்கூடப் பார்க்க வாய்க்கலாம். மோனே காலத்திலேயே குளத்துக்கென்று ஒரு தோட்டக்காரர் இருந்தார். அல்லி இலைகளில் படியும் தூசியைக் கழுவுவதும் அவருடைய வேலை. பக்கத்துச் சாலையிலிருந்து தூசி பறந்து வருவது பொறுக்காமல் மோனே தம் செலவிலேயே அந்தச் சாலைக்குத் தார் போட ஏற்பாடு செய்தார் என்றால், அந்தக் குளத்தை அவர் எப்படி வைத்திருந்தார் என்பது புரியும்.

நதிக்கரை

மேலே எழுதிய இருவரும் சொன்னவை அனைத்தும் சரியே. ஆயினும் வழிகாட்டியின் பக்கம் நின்று நான் கொஞ்சம் பேச வேண்டும். ஏனெனில் நான் ஜிவெர்னியை வழிகாட்டியுடன்தான் பார்த்தேன், அது வீண் என்று ஒருபோதும் நினைத்ததில்லை.

வழிகாட்டி இல்லாமல் நடந்தால் அது மிக அழகான தோட்டம் என்பது தெரியும். அது எப்படி உண்டானது என்பது தெரியாது. மோனே 1883-இல் இந்த வீட்டுக்கு வாடகைக்குத்தான் குடிவந்தார். தம் மகன்கள் இருவர், பின்னாளில் மனைவியான ஆலிஸ் ஓஷெதே, அவருடைய பிள்ளைகள் அறுவர் என்று பெரிய குடும்பம். 1890-இல்தான் வீட்டை விலைக்கு வாங்க முடிந்தது. 1893-இல் ரயில் பாதைக்கு அப்பாலிருந்த நிலத்தை வாங்கி, எப்த் ஆற்றின் சிறு கிளையிலிருந்து நீரைத் திருப்பிக் குளம் அமைக்க அனுமதி கேட்டார். ஊரார் எதிர்த்தார்கள். வெளிநாட்டுச் செடிகளை வைத்தால் நீர் கெட்டுவிடும், அந்த நீரைக் குடிக்கும் மாடுகளுக்கும் துணி துவைப்பவர்களுக்கும் தீங்கு வரும் என்பது அவர்களுடைய அச்சம். மோனே அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதிப் போராடித்தான் அனுமதி பெற்றார். இன்று உலகமே வந்து பார்க்கும் குளம் ஊர்ச் சண்டையில் நின்றுபோயிருக்கக் கூடியது என்பதை, அந்த நீரோடையின் கரையிலேயே நின்றுகொண்டு கேட்டது எனக்கு மறக்கவில்லை.

அதைப் போலவே அந்தக் குளத்தின் வண்ண அல்லிகளும். அதற்கு முன்பு ஐரோப்பாவின் குளிரைத் தாங்கும் அல்லி என்றால் பெரும்பாலும் வெள்ளைதான். தென்மேற்குப் பிரான்சில் லத்தூர் மர்லியாக் என்பவர் கலப்பினங்களை உருவாக்கி, மஞ்சள், இளஞ்சிவப்பு, சிவப்பு அல்லிகளை 1889 பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைத்தார். மோனே தம் குளத்துக்கு அல்லிகளை வாங்கியது அந்த நாற்றுப் பண்ணையிலிருந்துதான். ஆக, ஏறத்தாழ 250 அல்லி ஓவியங்களுக்குப் பின்னால் ஒரு தோட்டக்கலைஞரின் உழைப்பும் இருக்கிறது.

மோனே 1926 டிசம்பரில் இறந்த பிறகு நடந்ததையும் வழிகாட்டி விரிவாகச் சொன்னார். வளர்ப்பு மகளும் மருமகளுமான பிளான்ஷ் 1947 வரை வீட்டைப் பேணினார். அதன் பிறகு பார்ப்பாரில்லை. 1966-இல் மகன் மிஷேல் இறந்தபோது வீடு பிரெஞ்சு நுண்கலைக் கழகத்துக்குச் சென்றது. உத்தரங்கள் உளுத்துப்போய், மாடிப்படி ஒன்று இடிந்து, பெரிய ஓவியக் கூடத்துக்குள் மரங்களே முளைத்து நின்றன. குளத்தின் கரைகளை நீர்வாழ் எலிகள் குடைந்துவிட்டிருந்தன. ஜெரால்டு வான் தெர் கெம்ப் என்பவர் 1977 முதல் பொறுப்பேற்று, பெருமளவு அமெரிக்க நன்கொடைகளைத் திரட்டிச் சீரமைத்த பிறகே 1980-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று நாம் பார்ப்பது ஏறக்குறைய அழிந்துபோய், பழைய ஒளிப்படங்களையும் நினைவுகளையும் கொண்டு மீண்டும் நடப்பட்ட தோட்டம். இதைத் தெரிந்துகொண்டு பார்ப்பதற்கும் தெரியாமல் பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பயணத்தில் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் சேர்த்து ஒதுக்கிய நேரம் போதவில்லை. வீட்டுக்குள் நுழைய நின்ற வரிசையே அதில் கணிசமாகத் தின்றுவிட்டது. அறைகள் குறுகலானவை என்பதால் உள்ளே நின்று விளக்கம் கேட்கவும் வழியில்லை; சொல்ல வேண்டியதையெல்லாம் வழிகாட்டி பேருந்திலும் வெளியிலுமே சொல்லி முடித்தார். எனவே பயணத்தைத் தேர்வு செய்யும்போது மொத்த நேரத்தைப் பார்க்காதீர்கள்; ஜிவெர்னியில் இறங்கிய பின் எவ்வளவு நேரம், அதில் குழுவை விட்டுத் தனியே நடக்க எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். மூன்று மணி நேரத்துக்குக் குறைவாகச் சொன்னால் வேறொன்றைப் பாருங்கள். மூட்டு வலி உள்ளவருக்கு, பாரிசில் ஏறி வாசலில் இறங்கும் வசதியும் சிறிய காரியம் அன்று.

இளவேனில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வெர்சாயைச் சேர்க்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். அம்மாவிடம் விஸ்டீரியாவைப் பற்றிச் சொன்னேன்; அல்லி இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று உடனே சொல்லிவிட்டார்.

நேரத்தை நாங்களே வைத்துக்கொள்ளலாம் என்பதால் ரயிலில் செல்வதை நோக்கித்தான் இப்போது மனம் போகிறது. பாதை எவ்வளவு சிரமமானது, படிகள் எங்கெல்லாம் உண்டு என்று சொன்னால் முடிவெடுக்க உதவியாக இருக்கும். மூல ஓவியங்களை ஜிவெர்னிக்கு முன்பு பார்ப்பது நல்லதா, பின்பா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

நதிக்கரை

பாரிசின் சான் லசார் நிலையத்திலிருந்து வெர்னோன் வரை ரயில். நேரடி ரயிலாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். அங்கிருந்து ஜிவெர்னி சில கிலோமீட்டர். தோட்டம் திறந்திருக்கும் மாதங்களில் ரயில் நேரத்தை ஒட்டிச் சிற்றுந்து ஓடுகிறது. ரயில் நின்றதும் எல்லோரும் அதை நோக்கித்தான் விரைவார்கள். தாயாரால் விரைய முடியாது என்பதால் வாடகைக் காரையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் ரயிலின் நேரத்தை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க நேரலாம்.

படிகள் இரண்டு இடங்களில் குறுக்கிடும். வீட்டின் மாடிக்குச் செல்லும் படி குறுகலானது. மோனேயின் படுக்கையறை மேலே இருக்கிறது, அதன் சன்னலிலிருந்து தோட்டம் முழுவதும் தெரியும். ஏற முடியாவிட்டாலும் மஞ்சள் உணவறையும் நீலச் சமையலறையும் கீழ்த்தளத்திலேயே உள்ளன. மற்றது, பூந்தோட்டத்துக்கும் நீர்த் தோட்டத்துக்கும் இடையே சாலைக்கு அடியில் செல்லும் சுரங்கப் பாதை. முன்பு ரயில் பாதை இருந்த இடத்தில் இப்போது அந்தச் சாலை ஓடுகிறது. படி இறங்க முடியாதவர்களுக்கு மேலே சாலையைக் கடந்து செல்லும் வழி உண்டு. நுழையும்போதே பணியாளரிடம் சொல்லி வைத்தால் உதவுவார்கள். மற்றபடி தோட்டத்துப் பாதைகள் பெரும்பாலும் சமதளமே.

நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்பே வாங்கிவிடுங்கள். மே மாதத்தில் பிரான்சில் பொது விடுமுறைகள் அடுத்தடுத்து வரும். அவற்றை ஒட்டிய வார இறுதிகளைத் தவிர்த்து, வாரத்தின் நடுவில் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். காலை 9.30-க்குத் திறக்கும்போது அங்கே இருந்தால், எல்லோரும் வீட்டை நோக்கிச் செல்லும்போது நீங்கள் நேரே குளத்துக்குச் சென்றுவிடலாம்.

வண்ணக்கோல்

ஓவியங்களைப் பின்பு பாருங்கள் என்பதே என் கருத்து. முன்பே பார்த்துவிட்டால் தோட்டத்தில் ஓவியத்தைத் தேடிக்கொண்டிருப்போம். தோட்டத்தைப் பார்த்த மறுநாள் ஒராஞ்செரிக்குச் சென்றால், அந்தப் பெரிய அல்லி ஓவியங்களில் கரையும் அடிவானமும் ஏன் இல்லை என்பது யாரும் சொல்லாமலே விளங்கும். குளக்கரையில் நின்று நீரை மட்டும் குனிந்து பார்த்தவருக்கு அது பழகிய காட்சி. இரண்டு நீள்வட்டக் கூடங்களில் எட்டு ஓவியங்கள், சுவர் வளைவோடு வளைந்து சுற்றிலும் நிற்கின்றன. முதல் உலகப் போர் ஓய்ந்த மறுநாள், 1918 நவம்பர் 12 அன்று, தம் நண்பரும் பிரதமருமான கிளெமான்சோவுக்குக் கடிதம் எழுதி, அமைதியின் நினைவாக நாட்டுக்கு ஓவியங்களைத் தருவதாகச் சொன்னார் மோனே. அந்தக் கொடைதான் வளர்ந்து இந்தக் கூடங்களாயிற்று. அவர் இறந்த மறு ஆண்டு, 1927-இல், அவை திறக்கப்பட்டன. கூடத்தின் நடுவில் இருக்கைகள் இருப்பதால் தாயார் உட்கார்ந்தே பார்க்கலாம்.

நேரம் இருந்தால் மர்மோத்தானுக்கும் செல்லுங்கள். மகன் மிஷேல் தம்மிடமிருந்த ஓவியங்களை அங்குதான் விட்டுச் சென்றார். கண்புரை முற்றியிருந்த ஆண்டுகளில் மோனே தீட்டிய ஜப்பானியப் பாலங்கள், அதாவது அல்லிக் குளத்துப் பச்சைப் பாலத்தின் ஓவியங்கள், அங்கே இருக்கின்றன: பாலம் எது, செடி எது என்று பிரிக்க முடியாதபடி செம்பழுப்பும் மஞ்சளும் அடர்ந்து எரியும். 1912-இல் கண்டறியப்பட்ட கண்புரைக்கு 1923-இல்தான் அறுவை செய்துகொண்டார். அதே பாலத்தின் மேல் இரண்டு நாள்களுக்கு முன் நின்றவர் அவற்றைப் பார்க்கும்போது, அவருக்கு அப்போது எவ்வளவு தெரிந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியாது.

ஒராஞ்செரிக்குச் செவ்வாய்க்கிழமையும் மர்மோத்தானுக்குத் திங்கட்கிழமையும் விடுமுறை. ஜிவெர்னி பருவகாலத்தில் வாரம் முழுவதும் திறந்திருக்கும். எனவே புதன்கிழமை ஜிவெர்னி, வியாழக்கிழமை ஒராஞ்செரி என்று வைத்துக்கொண்டால் எதுவும் இடிக்காது.